பெயர் தெரியா நோயும் பெரியோர் வாழ்வும்

அல்லாஹ்வின் திருப்பெயர் போற்றித் தொடங்குகிறேன்.

அரபு மொழியில் ‘தன்மீல்’ என்றொரு சொல் உண்டு. கைகால் மரத்துப்போய், உள்ளுக்குள் ஏதோ ஊர்வது போன்ற உணர்வை அது குறிக்கும். எறும்புக்கு அரபியில் ‘நம்ல்’ என்று பெயர். திருக்குர்ஆனின் 27ஆம் அத்தியாயத்தின் பெயரும் அதுவே. அந்த எறும்பிலிருந்து பிறந்த சொல்லே தன்மீல். நம் வீட்டுப் பெரியவர்களும் கால் மரத்துப்போனால் எறும்பு ஊர்கிறது என்றுதான் சொல்கிறார்கள். இருவேறு மொழி பேசுவோர் ஒரே வேதனைக்கு ஒரே உவமையைக் கண்டிருக்கிறார்கள்.

என் பாதங்களில் அந்த எறும்பு ஊரத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. முதலில் எறும்பு, பிறகு ஊசி, பிறகு இரவு நேரங்களில் நெருப்பு. நாளடைவில் பஞ்சின் மேல் நடப்பதைப் போன்ற மரமரப்பு. இரத்தத்தில் சர்க்கரை, பி12 உயிர்ச்சத்து, தைராய்டு சுரப்பு ஆகியவற்றைச் சோதித்தார்கள். தொழுநோயின் அடையாளம் உண்டா என்று பார்த்தார்கள். நரம்பில் மின்னோட்டம் செல்லும் வேகத்தையும் அளந்தார்கள். நரம்புகள் பழுதடைந்திருப்பது உறுதியாயிற்று. ஏன் பழுதடைந்தன என்பது மட்டும் தெரியவில்லை. மருத்துவர் தம் குறிப்பில் ‘இடியோபதிக்’ என்று எழுதினார். தனக்கே உரிய துன்பம் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள். காரணம் கண்டறியப்படவில்லை என்பது அதன் நடைமுறைப் பொருள். என் நிலை அரிதானதும் அன்று. நரம்புப் பழுது உடையோரில் கணிசமானோருக்கு எல்லாச் சோதனைகளும் முடிந்த பின்னரும் காரணம் புலப்படுவதில்லை என மருத்துவர் விளக்கினார்.

மருத்துவர் சொல்லாத காரணத்தைச் சொல்ல மற்றவர்கள் தயங்கவில்லை. ஒருவர் கண்ணேறு என்றார். ஒருவர் செய்வினை என்றார். இன்னொருவர், மறைவாகச் செய்த ஏதோ ஒரு பாவம் என்று பிறரிடம் சொன்னதாகக் காதுக்கு வந்தது. பிறருக்கு ஓதிப் பார்க்கும் ஹழ்ரத்துக்கே இந்நிலையா என்ற கேள்வியும் எழுந்தது. சம்மணமிட்டு அமர்ந்து தர்ஸ் நடத்த முடியாமல் நாற்காலி கேட்ட நாளில், மதரஸாப் பணியை விட்டு விலகுவதாகக் கடிதமும் எழுதிவிட்டேன். அக்கடிதத்தைக் கொடுக்காமல் என்னைத் தடுத்தது எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மோசுல் நகரில் வாழ்ந்த ஓர் ஆலிமின் வரலாறு. அவரைப் பற்றியும், அவருக்கு முன் இத்தகைய சோதனையைச் சுமந்த சிலரைப் பற்றியும் இங்கே எழுத விரும்புகிறேன். காரணம் தெரியாத நோயோடு வாழ்வது எப்படி என்ற கேள்வி இன்று பிறந்ததன்று.

நரம்பைத் தேடிய மருத்துவர்கள்

நம் மக்கள் ‘நரம்பு’ என்ற சொல்லைப் பல பொருளில் ஆளுகிறார்கள். புறங்கையில் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயும் நரம்புதான்; யாழில் கட்டிய தந்தியும் நரம்புதான். அரபியில் ‘அஸப்’ என்ற சொல்லுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. கட்டி இழுக்கும் நாரையும் உணர்வைக் கொண்டுசெல்லும் இழையையும் அது ஒருசேரக் குறித்துவந்தது. இவற்றைப் பிரித்தறியும் கல்வி முஸ்லிம் உலகுக்குப் பெருமளவில் கிரேக்க மருத்துவ மேதை காலன் வழியாக வந்தது. அவரை அரபியர் ‘ஜாலீனூஸ்’ என்பர். அவருடைய நூல்களை அரபிக்கும் சிரியாக் மொழிக்கும் பெயர்த்தவர்களில் தலையாயவர் பக்தாதில் வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873).

நோயுற்ற உறுப்புகளைப் பற்றிய தம் நூலில் காலன் ஒரு நிகழ்வைப் பதிவு செய்துள்ளார். சிரியாவைச் சேர்ந்த ஒருவருக்குக் கையின் சிறுவிரலும் மோதிர விரலும் நடுவிரலின் பாதியும் உணர்விழந்தன. மருத்துவர்கள் விரல்களுக்கே மருந்து பூசினார்கள்; பயனில்லை. காலன் அவருடைய கடந்த நாள்களைத் துருவிக் கேட்டார். சில காலத்துக்கு முன் அவர் வண்டியிலிருந்து விழுந்து, மேல் முதுகில் கல்லடி பட்டிருந்தது தெரியவந்தது. கழுத்தெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து புறப்படும் நரம்பே அவ்விரல்களுக்குச் செல்கிறது என்பதை அறிந்திருந்த காலன், மருந்தை விரலிலிருந்து முதுகெலும்புக்கு மாற்றினார். நோயாளி குணமடைந்தார். துன்பம் தெரியும் இடம் ஒன்று, துன்பம் பிறக்கும் இடம் வேறொன்று என்ற பாடத்தை அரபு மருத்துவர்கள் இங்கிருந்து கற்றார்கள்.

இப்னு ஸீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலில் வலியைப் பதினைந்து வகைகளாகப் பிரித்தார். அரிக்கும் வலி, குத்தும் வலி, துளைக்கும் வலி, அழுத்தும் வலி, கரித்து எரிக்கும் வலி என அப்பட்டியல் நீள்கிறது. மரத்துப்போன வலி என்பதும் அதில் ஒன்று. மரத்த இடம் எப்படி வலிக்கும் என்று கேட்பவர்களுக்கு இந்நோயை விளக்க முடியாமல் நான் பலமுறை வாய்மூடி இருந்திருக்கிறேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு மருத்துவர் அதற்குத் தனி இடம் ஒதுக்கியிருப்பதைப் படித்தபோது, என் பேச்சை நம்புகிற ஒருவரைச் சந்தித்தது போல் இருந்தது.

ஆயினும் எனக்கு அதிக ஆறுதல் தந்தது அபூபக்ர் அர்ராஸி (865–925) எழுதிய ஒரு சிறு நூலின் தலைப்பு. ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை வகித்த அவர், எல்லா நோய்களையும் குணப்படுத்துவது திறமைமிக்க மருத்துவருக்கும் இயலாது என்பதை நிறுவத் தனியே ஒரு நூல் எழுதினார். அந்நாள் மருத்துவத்தின் உச்சியில் நின்றவர் தம் கலையின் எல்லையைத் தாமே வரைந்து காட்டினார். காரணம் தெரியவில்லை என்று ஒரு மருத்துவர் வெளிப்படையாகச் சொன்னால் அதை அவருடைய குறையாகக் கருத வேண்டியதில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்பவரிடமே நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நபி (ஸல்) அவர்களின் போதனையும் இதற்கு இசைவாகவே உள்ளது. அல்லாஹ் ஒவ்வொரு நோய்க்கும் நிவாரணத்தை இறக்கியிருக்கிறான். அறிந்தவர் அதை அறிந்தார், அறியாதவர் அறியாமலிருக்கிறார் என்னும் கருத்தில் இப்னு மஸ்ஊத் (ரலி) வழியாக ஒரு ஹதீஸ் வந்துள்ளது. அறியாமை மனிதனின் பக்கம் உள்ளது, அருள் குறைவுபடவில்லை. தேடுவோருக்கு இது நம்பிக்கை தரும். தேடியும் கிடைக்காதவருக்கு ஆறுதல் தரும்.

பிறர் பார்வையைத் தாங்கியவர்

மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் மகனார் அபான் (ரஹ்) மதீனாவின் ஆளுநராக இருந்தவர். காலையிலும் மாலையிலும் மும்முறை ஓதிவந்தால் எத்தீங்கும் அணுகாது என்ற புகழ்பெற்ற துஆவைத் தம் தந்தை வழியாக அறிவித்தவர் அவரே. நம் பிள்ளைகள் மக்தபில் முதலில் மனனம் செய்யும் துஆக்களில் அதுவும் ஒன்று.

அந்த அபான் (ரஹ்) அவர்களைப் பக்கவாதம் தாக்கியது. அந்த ஹதீஸை அவரிடம் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் அவரது உடலையே உற்றுப் பார்த்தார். அப்பார்வையின் பொருளை அபான் (ரஹ்) புரிந்துகொண்டார். தாம் தந்தையின் மீதும் பொய்யுரைக்கவில்லை, தந்தை நபியவர்களின் மீதும் பொய்யுரைக்கவில்லை. நோய் தாக்கிய அன்று தாம் அந்த துஆவை ஓதவில்லை, அல்லாஹ்வின் விதி நிறைவேற வேண்டியிருந்தது என்று விளக்கினார். அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் இந்நிகழ்வு பதிவாகியுள்ளது.

இந்த ஹதீஸைப் பல ஆண்டுகளாக ஓதிக்கொடுத்து வந்திருக்கிறேன். துஆவின் சிறப்பை மட்டுமே மாணவர்களுக்கு எடுத்துச் சொல்வேன். உற்றுப் பார்த்த அந்த மனிதரைப் பற்றி ஒருமுறையும் பேசியதில்லை. என்னையும் ஒருவர் அவ்வாறு பார்த்த பின்னரே, அந்த அறிவிப்பில் அவர் இருப்பதைக் கவனித்தேன். அபான் (ரஹ்) அவர் மீது சினம் கொள்ளவில்லை, நோயை மறைக்கவுமில்லை, நோய் வந்ததால் தாம் அறிவித்த ஹதீஸைக் கைவிடவுமில்லை. தம் நோயைப் பற்றித் தாமே பேசும் உரிமை அவருக்கு இருந்தது. அடுத்தவரின் நோய்க்குக் காரணம் கற்பிக்கும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை. அய்யூப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நம்புகிற ஒரு சமுதாயம், நோயாளியிடம் உன் பாவம் என்ன என்று கேட்க நாணப்பட வேண்டும்.

படுக்கையில் தொழுதவர்

இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) கைபர்ப் போர் நடந்த ஆண்டில் இஸ்லாத்தைத் தழுவிய நபித்தோழர். மார்க்கத்தைக் கற்பிப்பதற்காக உமர் (ரலி) அவரைப் பஸராவுக்கு அனுப்பினார்கள். ஹிஜ்ரி 52இல் அங்கேயே அவர் மறைந்தார். அவருடையது நரம்பு நோயன்று. மூல நோய் அவருக்கு இருந்தது. பிற்காலத்தில் வயிற்று நோயொன்றும் பற்றிக்கொண்டது. அது முப்பது ஆண்டுகள் நீடித்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

நிற்க இயலாதவர் எவ்வாறு தொழுவது என்று அவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். நின்று தொழுங்கள், இயலாவிட்டால் அமர்ந்து, அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து என்ற கருத்தில் பதில் கிடைத்தது. புகாரியில் இடம்பெறும் இந்த ஹதீஸ் நோயாளியின் தொழுகைக்கு அடித்தளமாகும். நோய் குணமாகட்டும், பிறகு பார்ப்போம் என்று இம்ரான் (ரலி) காத்திருக்கவில்லை. என் உடல் இப்போது இப்படி இருக்கிறது, இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியின் பயனைப் பதினான்கு நூற்றாண்டுகளாக நோயாளிகள் அனுபவித்து வருகின்றனர்.

அவர் வாழ்வில் இன்னொரு செய்தியும் உண்டு. அக்காலத்தில் தீராத நோய்களுக்குக் காய்ச்சிய இரும்பால் சூடு போடுவது வழக்கம். பின்னாளில் ஸ்பெயினின் அறுவை மருத்துவ மேதை அபுல்காஸிம் அஸ்ஸஹ்ராவீயும் இடுப்பிலிருந்து கால்வரை பரவும் நரம்பு வலிக்குச் சூடு போடும் முறையைத் தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் விவரித்திருக்கிறார். நபியவர்கள் சூடு போடுவதை விரும்பாதிருந்தும், வேதனை மிகுதியால் இம்ரான் (ரலி) அதைச் செய்துகொண்டார். பயன் கிட்டவில்லை என்று அவரே அறிவிக்கிறார். அதுவரை அவருக்குக் கிடைத்துவந்த வானவர்களின் ஸலாம் அதன்பின் நின்றுபோய், சூடு போடுவதை அவர் விட்ட பிறகு மீண்டும் கிடைத்ததாக முஸ்லிமில் அறிவிப்பு உள்ளது.

வேதனையின் உச்சத்தில் மனிதன் எதையும் முயன்று பார்க்கத் துணிவான் என்பதற்கு நபித்தோழரின் வாழ்விலேயே சான்று இருக்கிறது. ஆகவே, நாட்டெண்ணெய் தேடி அலைந்த நோயாளியை இகழ வேண்டாம். ஆனால் எச்சரிக்கலாம். உணர்விழந்த பாதத்தில் சுடுமணல் ஒத்தடம் கொடுத்துத் தோல் வெந்துபோனதை அன்று இரவு வரை உணராமல் இருந்தவன் நான்.

ஈ அமர்ந்தாலும் வலி

பஸராவின் பேரெழுத்தாளர் அல்ஜாஹிழ் கொள்கையில் முஃதஸிலாப் பிரிவைச் சேர்ந்தவர். அவருடைய கொள்கையில் நமக்கு உடன்பாடில்லை. அவருடைய அரபு நடையை மறுப்பார் எவருமில்லை. தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்து ஹிஜ்ரி 255இல் அவர் மறைந்தார். முதுமையில் அவரது உடல் இருவேறு நாடுகளாகப் பிரிந்து கிடந்தது. ஒரு பக்கத்தைக் கத்தரியால் நறுக்கினாலும் தெரியாது. மறுபக்கத்தின் மேல் ஈ கடந்து சென்றாலும் வலிக்கும் என்று அவரே நண்பர்களிடம் வர்ணித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

அன்றைய மருத்துவர்கள் முதலாவதை வாதம் என்றும், இரண்டாவதை ‘நிக்ரிஸ்’ எனப்படும் மூட்டுநோய் என்றும் அழைத்தார்கள். நம் காலத்துப் பெயர் எதையும் அவருக்குச் சூட்ட எனக்குத் துணிவில்லை. ஆனால் நரம்பு பழுதடைந்தவர்கள் இந்த வர்ணனையைக் கேட்டால் தலையசைப்பார்கள். முள் குத்தினால் தெரியாத அதே பாதத்தில், இரவு போர்வையின் ஓரம் பட்டால் தாங்க முடிவதில்லை.

விலங்குகளைப் பற்றிய தம் பெருநூலில் ஜாஹிழ் ஓரிடத்தில் வாசகரிடம் பொறுத்தருள வேண்டுகிறார். நூல் தாம் விரும்பிய வண்ணம் அமையாமைக்கு அவர் சொல்லும் முதற்காரணம் கடும் நோய். இரண்டாவது காரணம் உதவியாளர் இன்மை. நூலின் நீளம் அதற்கடுத்துத்தான் வருகிறது. நோய்க்கு அடுத்தபடியாகத் தனிமையை அவர் வைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். அந்த இரண்டாவது குறை நீங்கினால் என்ன நடக்கும் என்பதை மோசுல் ஆலிமின் வரலாறு காட்டுகிறது.

மோசுலின் மஜ்துத்தீன்

இப்னுல் அஸீர் என்ற பெயரில் மூன்று சகோதரர்கள் புகழ்பெற்றிருக்கிறார்கள். இளையவர் ளியாவுத்தீன் இலக்கியத் திறனாய்வாளர். நடுவர் இஸ்ஸுத்தீன் ‘அல்காமில்’ என்ற உலக வரலாற்றை எழுதியவர். மூத்தவர் மஜ்துத்தீன் அல்முபாரக் (ரஹ்) ஹதீஸ் கலை மேதை. ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவர். இன்றைய துருக்கியில் டைக்ரிஸ் நதிக்கரையில் ஜிஸ்ரே என்று வழங்கும் ஜஸீரத் இப்னு உமரில் ஹிஜ்ரி 544இல் (1149) பிறந்தார். மோசுல் ஆட்சியாளர்களிடம் எழுத்துப் பணியில் சேர்ந்து, அரசவையில் மிக உயர்ந்த இடத்தை அடைந்தார்.

அப்போது நோய் வந்தது. இரண்டு கைகளும் இரண்டு கால்களும் செயலிழந்தன. எழுதுகோலைப் பிடிக்கவே முடியவில்லை. வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் இதை ஒரு நோய் என்று மட்டும் குறிப்பிடுகிறார். வாதம் என்று எழுதினோரும் உண்டு. நிக்ரிஸ் என்று எழுதினோரும் உண்டு. எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் கைகளைக் கட்டிப்போட்ட நோய் எது என்பதில் நூல்கள் ஒரே பெயரில் இணையவில்லை.

மஜ்துத்தீன் (ரஹ்) வீட்டில் அமர்ந்தார். ஆலிம்களும் ஊர்ப் பெரியோரும் அவரைத் தேடி வந்தார்கள். மோசுலைச் சார்ந்த கஸ்ர் ஹர்ப் என்ற சிற்றூரில் ஒரு ரிபாத்தை, அதாவது இறைவணக்கத்துக்கும் கல்விக்குமான தங்குமிடத்தை நிறுவினார். தம் உடைமைகளை அதற்கும் மோசுலில் தாம் வாழ்ந்த வீட்டுக்கும் வக்ஃப் செய்தார். தம் நூல்கள் அனைத்தையும் அவர் இயலாமைக் காலத்திலேயே இயற்றினார் என்று தாம் கேள்விப்பட்டதாக இப்னு கல்லிகான் எழுதுகிறார். வேறு அலுவல் இல்லாததால் நூற்பணிக்கு நேரம் கிடைத்தது. தேர்ந்தெடுக்கவும் எழுதவும் ஒரு குழுவினர் அவருக்குத் துணை நின்றனர்.

அந்நூல்கள் எவை? முவத்தா, புகாரி, முஸ்லிம், அபூதாவூத், திர்மிதீ, நஸயீ ஆகிய ஆறு நூல்களின் ஹதீஸ்களைப் பொருள்வாரியாகத் தொகுத்த ‘ஜாமிஉல் உஸூல்’ ஒன்று. ஹதீஸ்களில் வரும் அரிய சொற்களுக்கு அகரவரிசையில் பொருள் கூறும் ‘அந்நிஹாயா’ மற்றொன்று. பின்னாளில் இப்னு மன்ழூர் ‘லிஸானுல் அரப்’ என்னும் பேரகராதியைத் தொகுத்தபோது அடிப்படையாகக் கொண்ட ஐந்து நூல்களில் அந்நிஹாயாவும் இடம்பெற்றது. ஹதீஸ் வகுப்பில் ஒரு சொல் தடுக்கினால் இன்றும் உஸ்தாதுமார்கள் முதலில் புரட்டுவது அதைத்தான். நானும் இருபது ஆண்டுகளாகப் புரட்டி வருகிறேன். அதன் ஆசிரியர் எழுத முடியாத கைகளோடு இருந்தவர் என்பது, விலகல் கடிதம் எழுதிய அந்த வாரத்தில்தான் என் நெஞ்சில் பதிந்தது. முன்னுரையில் எத்தனையோ முறை படித்துக் கடந்த செய்திதான்.

அவர் தாமே எழுதத்தான் வேண்டும் என்று அடம்பிடித்திருந்தால் அந்நூல்கள் நமக்குக் கிடைத்திரா. சொல்வது அவர் வேலை, எழுதுவது பிறர் வேலை என்று பணியைப் பிரித்துக்கொண்டார். ஜாஹிழ் ஏங்கிய உதவியாளர்கள் மஜ்துத்தீனுக்கு வாய்த்தார்கள். அவ்வுதவியைப் பெற்றுக்கொள்ளும் மனமும் அவருக்கு வாய்த்தது. இரண்டாவது வாய்ப்பதுதான் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மருத்துவரைத் திருப்பியனுப்பியவர்

அவர் வரலாற்றில் வியப்பூட்டும் பகுதி ஒன்று உள்ளது. அவருடைய தம்பி இஸ்ஸுத்தீன் அதைக் கூறியதாக இப்னு கல்லிகான் பதிவு செய்கிறார். மேற்குத் திசையான மக்ரிபிலிருந்து ஒரு மருத்துவர் வந்தார். குணமானால் மட்டுமே கூலி பெறுவேன் என்றார். தாம் காய்ச்சிய தைலத்தைப் பூசி வந்தார். கால்கள் இளகின, நீட்ட முடிந்தது, முழு நலம் நெருங்கியது. அப்போது மஜ்துத்தீன் (ரஹ்) தம்பியை அழைத்து, அவருக்கு மனநிறைவாகப் பொருள் கொடுத்து அனுப்பிவிடு என்றார். தம்பி திகைத்துக் காரணம் கேட்டார். உடல் நலத்தோடு இருந்தபோது ஆட்சியாளர்களின் வாசலுக்கு நடந்து தம்மைத் தாழ்த்திக்கொண்டதாகவும், இப்போது அவர்களுக்குத் தேவை வந்தால் அவர்களே தம் வீட்டுக்கு வருவதாகவும், இந்த விடுதலையை நோயே தந்ததாகவும், எஞ்சிய சில நாள்களை இழிவின்றிக் கழிக்க விரும்புவதாகவும் அவர் சொன்னார். தம்பி அவ்வாறே செய்தார். ஹிஜ்ரி 606 துல்ஹஜ் இறுதியில் (1210) மஜ்துத்தீன் (ரஹ்) மோசுலில் மறைந்தார்.

இதைப் படிப்போர் சிகிச்சையை மறுப்பதே உயர்ந்த நிலை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபியர் கேட்டபோது, செய்துகொள்ளுங்கள் என்றே நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மஜ்துத்தீன் (ரஹ்) அவர்களும் முதலில் அந்த மருத்துவத்தை ஏற்றவரே. பிறகு அவர் எடுத்த முடிவு அரசவைப் பிடியிலிருந்து மீள விரும்பிய ஒருவரின் சொந்த முடிவு. கூலிக்கு உழைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டியவருக்கோ தாயைத் தூக்கிப் பராமரிக்க வேண்டியவருக்கோ அது முன்மாதிரி ஆகாது. வலி நிவாரணம் தேடுவது தவக்குலுக்கு முரணானதும் அன்று. அந்த மறுப்பை நான் பின்பற்றவில்லை. நரம்பெரிச்சலுக்கு மருத்துவர் தந்த மாத்திரையை ஒவ்வோர் இரவும் விழுங்குகிறேன், எரிச்சல் பாதியாகக் குறைகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு. அவர் தம் வாழ்க்கையை நோயின் பெயருக்காகக் காத்திருக்க வைக்கவில்லை. ஏன் வந்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்காத இடத்தில், இனி எவ்வாறு வாழ்வது என்ற கேள்விக்கு விடை கண்டார். முதற்கேள்வி மருத்துவரிடமும் அல்லாஹ்வின் அறிவிலும் இருக்கிறது. இரண்டாவது கேள்வி நம் கையில் இருக்கிறது.

இன்றைய நாள்

என் நாள்கள் இப்போது சில ஒழுங்குகளில் அடங்கியுள்ளன. இதே நோய் உள்ள ஒருவருக்கேனும் பயன்படலாம் என்பதால் குறிப்பிடுகிறேன்.

பஜ்ருக்கு உளூச் செய்யும் முன் நீரின் சூட்டைக் காலால் அறிய முயல்வதில்லை. முழங்கையால் தொட்டுப் பார்க்கிறேன். உளூச் செய்கையில் விரலிடுக்குகளைக் கோதுவது ஸுன்னத்து. அவ்வேளையில் பாதத்தைக் கண்ணாலும் பார்த்துக்கொள்கிறேன். புண், வெடிப்பு, முள் எதுவும் என் அறிவுக்கு எட்டாமல் இருக்கக்கூடும். ஒரு நாளைக்கு ஐந்து முறை பாதத்தை நினைவூட்டும் மார்க்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய நிஃமத் என்பதை இந்நோய் எனக்குக் கற்பித்தது. பிறகு ஈரத்தை நன்கு துடைக்கிறேன். பள்ளிவாசலுக்கு வெளியே வெறுங்காலுடன் நடப்பதில்லை. செருப்பை அணியுமுன் கவிழ்த்துத் தட்டிப் பார்க்கிறேன். இருட்டில் கால் பதியும் இடம் தெரியாமல் தடுமாறுவதால் கைவிளக்கின்றிப் படியிறங்குவதில்லை.

தொழுகையில் நிற்க முடிந்த அளவு நிற்கிறேன். தடுமாறும் நாள்களில் சுவரோரம் நிற்கிறேன். அதுவும் இயலாத நாள்களில் அமர்கிறேன். எந்த நாளில் எது என்று முடிவு செய்ய இம்ரான் (ரலி) பெற்றுத் தந்த விடை போதுமானது. ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் சென்று மீண்டும் சோதிக்கிறேன். இன்று புலப்படாத காரணம் பிறகு புலப்படலாம் என்றும், திடீரென வலுவிழப்போ விரைவான மோசமோ ஏற்பட்டால் தாமதியாமல் வர வேண்டும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

தர்ஸ் நாற்காலியில் நடக்கிறது. முதல் சில நாள்கள் மாணவர்களின் பார்வை நாற்காலியின் மேல் இருந்தது. பிறகு கிதாபுக்குத் திரும்பிவிட்டது. உயரத்து அலமாரியிலிருந்து அந்நிஹாயாவை எடுத்துத் தருவது ஒரு மாணவரின் வேலை. கரும்பலகையில் எழுதுவது இன்னொருவரின் வேலை. ஒருநாள் அவர்களிடம் அந்நூலாசிரியரின் வரலாற்றைச் சொன்னேன். நூலை எடுத்துத் தரும் மாணவர் சற்று யோசித்துவிட்டு, மஜ்துத்தீன் இமாமுக்கு எழுதிக் கொடுத்தவர்களின் பெயர் என்ன ஹழ்ரத் என்று கேட்டார். நான் படித்த எந்த நூலிலும் அப்பெயர்களை நான் கண்டதில்லை. அல்லாஹ் அறிவான் என்றேன்.

நம் தெருவிலும் பள்ளிவாசலின் கடைசி வரிசையிலும் இத்தகைய நோயாளிகள் இருக்கிறார்கள். வெளியே காயம் தெரியாது. சோதனைச் சீட்டில் பெயர் இராது. அவர்களிடம் காரணம் கேட்காதீர்கள். நாற்காலி வேண்டுமா, செருப்பை எடுத்து வைக்கவா, வாசலில் விளக்குப் போடவா என்று கேளுங்கள். நோய் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றவருக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று. நோய்க்குத் தீர்ப்பு எழுதுவது அக்கடமையில் சேராது.

யா அல்லாஹ்! எங்கள் நோய்களின் காரணத்தை நீ அறிவாய், நாங்கள் அறியமாட்டோம். நிவாரணம் உள்ளவற்றுக்கு நிவாரணத்தைக் காட்டித் தருவாயாக. அது தாமதமாகும் காலமெல்லாம் எங்கள் கையிலுள்ள பணி நின்றுவிடாமல் காப்பாயாக. எங்களுக்குக் கை கொடுப்போரின் கைகளுக்கு வலிமை தருவாயாக. ஆமீன்.